அரசவால் ஈபிடிப்பான் ஏன் ஈபிடிப்பான் குடும்பத்துல இல்ல? டிஎன்ஏ வச்சு பறவைக் குடும்பம் பிரிக்குறது பத்தி

கேள்வி சுருக்கமா இதுதான்: பழைய பறவை புக்குல ஈபிடிப்பான், சிலம்பன், கதிர்க்குருவி, குண்டுகரிச்சான் எல்லாம் ஒரே குடும்பத்துல இருக்கு, இப்ப மொபைல் ஆப்ல பாத்தா ஆளுக்கு ஒரு பக்கம் சிதறிக் கெடக்கு, அரசவால் ஈபிடிப்பான் ஈபிடிப்பான் குடும்பத்துலயே இல்ல, கேட்டா டிஎன்ஏ பாத்து மாத்துனதுன்னு சொல்றாங்க, டிஎன்ஏ பாத்து குடும்பத்த எப்படி முடிவு பண்றாங்க, நாளைக்கு மறுபடி மாத்த மாட்டாங்கன்னு என்ன கேரண்டி?

சின்ன பதில மொதல்ல சொல்லிடுறேன். யாரு யாருக்கு கிட்டத்து சொந்தம், எந்தக் கிளை எப்போ பிரிஞ்சுச்சு, இதுதான் டிஎன்ஏ சொல்லும். அந்த மரத்துல எந்த எடத்துல கோடு போட்டு இது ஒரு குடும்பம்னு பேர் வைக்குறதுங்குறது மனுசங்க எடுக்குற முடிவு. மொத விஷயத்த புது டேட்டா வச்சு சரியா தப்பான்னு சோதிச்சுப் பாக்கலாம், ரெண்டாவத அப்படி சோதிக்க முடியாது, உக்காந்து பேசித்தான் ஒத்துக்கணும். லிஸ்ட் மாறுறப்பல்லாம் இந்த ரெண்டுல எது மாறுச்சுன்னு கேட்டுப் பாருங்க, பாதி குழப்பம் போயிடும்.

இனி பெரிய பதில். சலீம் அலி, ரிப்ளிங்குற பறவை அறிஞர்கள் காலத்து இந்தியப் பட்டியல்ல மஸ்கிகாபிடேன்னு ஒரு ராட்சசக் குடும்பம் இருந்துச்சு, அதுக்குள்ள ஈபிடிப்பான், சிலம்பன், கதிர்க்குருவி, குண்டுகரிச்சான் சேந்த த்ரஷ் வகை எல்லாம் துணைக்குடும்பங்களா உக்காந்திருக்கும். அவங்கள குறை சொல்ல முடியாது. கையில இருந்தது தோலும் எலும்பும் மட்டும்தான், அலகு எப்படி இருக்கு, கால்ல செதில் எப்படி அடுக்கியிருக்கு, இறக்கையில முதன்மைச் சிறகு ஒம்போதா பத்தா, வாயோரத்துல விறைச்ச முடி இருக்கா, குரல்பெட்டி தசை எப்படி, இப்படித்தான் பாக்க முடியும். பெரிய பறவைங்கள்ல இது ஓரளவு வேலை செஞ்சுச்சு. ஆனா உலகத்துல இருக்குற பறவை ஸ்பீஷிஸ்ல பாதிக்கு மேல பாசரைன் வகை, அதாவது குருவி, காக்கா, மைனா மாதிரி மரக்கிளையில உக்காரத் தோதான கால் அமைப்பு உள்ளது, அதுங்களோட உடம்பு உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாம் ஒண்ணுதான், வித்தியாசம் இருக்குறது அலகுலயும் காலுலயும். அலகும் காலும்தான் சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி சீக்கிரமா மாறக்கூடிய உறுப்பு. பறக்குற பூச்சிய எகிறிப் பிடிக்குற எந்தப் பறவையா இருந்தாலும் காலப்போக்குல தட்டை அலகும் வாயோர முடியும் வந்துடலாம், அப்புறம் அத வச்சே சொந்தம் சொன்னா எப்படி சரியா வரும்.

மூலக்கூறு வச்சு இத உடைக்கணும்னு பெரிய அளவுல எறங்குனவர் அமெரிக்காவுல சார்லஸ் சிப்லி. 1960கள்ல முட்டை வெள்ளைக்கரு புரதத்த எலக்ட்ரோஃபோரசிஸ்ல, அதாவது மின்சாரம் வச்சு புரதத்த பிரிக்குற முறையில, ஓட்டி ஒப்பிட்டுப் பாத்தார், அது பெருசா கை கொடுக்கல. அப்புறம் யேல் பல்கலைக்கழகத்துல ஜான் ஆல்க்விஸ்ட் கூட சேந்து டிஎன்ஏ–டிஎன்ஏ ஹைபிரிடைசேஷன்னு ஒரு முறைய கையில எடுத்தார். இப்ப யாரும் பண்றதில்ல, ஆனா ஐடியா அழகானது. டிஎன்ஏ ரெண்டு இழைன்னு தெரியும், சூடு பண்ணுனா பிரியும், ஆற விட்டா தன் ஜோடியத் தேடி ஒட்டிக்கும். ஒரு பறவையோட ஒத்த இழையில கதிரியக்க அடையாளம் போட்டு, இன்னொரு பறவையோட ஒத்த இழை நெறைய இருக்குற கரைசல்ல கலந்து ஆற விட்டா, ரெண்டும் கலப்பு ஜோடியா ஒட்டும். கிட்டத்து சொந்தம்னா ஏ, டி, ஜி, சிங்குற டிஎன்ஏ எழுத்துக்கள் நல்லா பொருந்தி இறுக்கமா ஒட்டும், தூரத்து சொந்தம்னா நடுநடுவுல பொருந்தாம தளர்வா ஒட்டும். இப்ப மறுபடி கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்திக்கிட்டே போய் எந்த வெப்பத்துல பாதி பிரியுதுன்னு அளந்தா போதும், எவ்ளோ டிகிரி கொறையுதோ அவ்ளோ தூரத்து சொந்தம். தோராயமா ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதம் எழுத்து வித்தியாசம்னு கணக்கு. சுமார் 1,700 ஸ்பீஷிஸ இப்படி ஓட்டிட்டு 1990ல மொத்த உலகப் பறவைக்கும் புது வகைப்பாடு போட்டுட்டாங்க.

அவங்க இன்னொரு துணிச்சலும் பண்ணுனாங்க, குடும்பம்னா என்னன்னு டிகிரியிலயே வரையறை வச்சாங்க. 9லேருந்து 11 டிகிரிக்குள்ள பிரிஞ்சா குடும்பம், 20லேருந்து 22னா வரிசை, இப்படி. கேக்க சுத்தமா இருக்கு இல்ல? நடைமுறையில என்ன ஆச்சுன்னா கோர்விடேன்னு நாம காக்காவுக்கு வச்சிருக்குற குடும்பத்துக்குள்ள கரிச்சான், மாங்குயில், மாம்பழச்சிட்டு, மின்சிட்டு, அரசவால் ஈபிடிப்பான், நியூகினியோட சொர்க்கப் பறவை எல்லாம் வந்து உக்காந்துடுச்சு. சொந்தம்ங்குறது உண்மைதான், இன்னைக்கு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ, வச்சுப் பாத்தாலும் அரசவால் ஈபிடிப்பான் காக்கா, கரிச்சான் பக்கத்துக் கிளைதான், வெளுத்த நீல ஈபிடிப்பான்கள் இருக்குற பக்கம் கெடையாது. ஆனா இத்தனையையும் ஒரே குடும்பம்னு சொல்றதுக்கு பறவை பாக்குற எவனும் தயாரா இல்ல, இப்ப அதே கிளைகள தனித்தனி குடும்பமா வச்சிருக்கோம். ஒரே வம்சம்னு எல்லாரும் ஒத்துக்குறாங்க, ரேஷன் கார்டு ஒண்ணா பத்தாங்குறதுலதான் பஞ்சாயத்து.

சிப்லி–ஆல்க்விஸ்ட் சொன்னதுல எது நின்னுச்சு எது விழுந்துச்சுன்னு பாத்தா டிஎன்ஏவ எப்படி நம்பணும்ங்குறதும் புரியும். நின்னதுல பெரிசு ஆஸ்திரேலியா விஷயம். ஐரோப்பாலேருந்து போனவங்க அங்க பாத்த சின்னப் பறவைங்களுக்கு எல்லாம் ஊர்ப் பேரே வச்சாங்க, ரென், ராபின், வார்ப்ளர், ட்ரீகிரீப்பர்னு, புக்குலயும் அந்தந்த ஐரோப்பியக் குடும்பத்துலயே சொருகிட்டாங்க. ஹைபிரிடைசேஷன்ல பாத்தா அதுங்கெல்லாம் தங்களுக்குள்ளதான் சொந்தம், ஐரோப்பா ஜாடை தனியா உருவானது. அப்புறம் 2000க்கு மேல ஜீன் சீக்வென்ஸ் வந்தப்போ கதை இன்னும் தலைகீழாச்சு, உலகத்துப் பாட்டுப் பறவை எல்லாத்துக்கும் அடிவேர் ஆஸ்திரேலியா பக்கம், லயர்பேர்ட் மாதிரி பழைய கிளைகள் அங்கதான் இருக்கு, மொத்த பாசரைன் மரத்துலயே மொதல்ல பிரிஞ்ச கிளை நியூசிலாந்து ரென். நம்ம ஊரு குயில் யாரு கூட்டுல முட்டை போடுதோ அந்தக் காக்காவோட முன்னோரும் அந்தத் தெற்குப் பக்கத்துலேருந்து வந்த கூட்டம்தான்.

விழுந்தது அமெரிக்கக் கழுகு. காண்டோர், டர்க்கி வல்ச்சர் எல்லாம் பாக்க நம்ம பாறு கழுகு மாதிரியே மொட்டைத் தலை, பிணம் தின்னும், ஆனா சொந்தமில்லைங்குறது உடற்கூறு பாத்தவங்களுக்கு முன்னாடியே சந்தேகம். சிப்லி தரப்பு அதுங்க நாரைக்குக் கிட்டத்து சொந்தம்னு சொல்லி நாரைக் குடும்பத்துலயே சேத்துட்டாங்க, அமெரிக்க ஆர்னிதாலஜிஸ்ட் யூனியனும் 1998ல நாரை வரிசைக்கு மாத்துச்சு. கொஞ்ச வருசத்துல நெறைய நியூக்ளியர் ஜீன், அதாவது செல்லோட உட்கருவுல இருக்குற ஜீன், வச்சு பாத்தப்போ நாரை கதை நிக்கல, பருந்து கழுகு இருக்குற கிளைக்குப் பக்கத்துலதான் வந்துச்சு, 2007ல திரும்ப எடுத்துட்டாங்க. ஹைபிரிடைசேஷன்ல மொத்த தூரம் ஒரு நம்பரா கெடைக்கும், எந்த எழுத்து எங்க மாறுச்சுன்னு தெரியாது, ஒரு வம்சத்துல டிஎன்ஏ வேகமா மாறியிருந்தாலோ மெதுவா மாறியிருந்தாலோ நம்பர் ஏமாத்திடும். அதனாலதான் அந்த முறை செத்துப் போச்சு.

டிஎன்ஏவ கோடிக்கணக்குல பிரதி எடுக்குற பிசிஆர்ங்குற முறை வந்ததுக்கப்புறம் நேரா எழுத்தையே படிக்க ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல எல்லாரும் எடுத்தது மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்கு சக்தி தர்ற உறுப்போட ஜீன், முக்கியமா சைட்டோக்ரோம் பி, ஏன்னா ஒரு செல்லுல நெறைய பிரதி இருக்கும், எடுக்குறது சுலபம். ஆனா அது வேகமா மாறுற டிஎன்ஏ. ஒரே எடத்துல ஏ ஜி ஆகி, திரும்ப ஏ ஆகி, பழைய தடம் அழிஞ்சு போயிடும். ரெண்டு நெருங்குன ஸ்பீஷிஸ பிரிக்க அருமையான ஆயுதம், குடும்ப அளவு பழைய பிரிவுக்கு அது மட்டும் போதாது. அதுக்குத்தான் மெதுவா மாறுற நியூக்ளியர் ஜீன் சேத்தாங்க, ராக்-1னு ஒரு ஜீன், மையோகுளோபின் இன்ட்ரான் (இன்ட்ரான்னா ஜீனுக்கு நடுவுல இருக்குற, புரதம் எழுதாத துண்டு), ஃபைப்ரினோஜன் இன்ட்ரான் இதெல்லாம் 2000கள்ல எந்த பேப்பர் எடுத்தாலும் இருக்கும்.

இந்தக் காலத்துலதான் நம்ம பழைய புக்கு கிழிஞ்சது. கதிர்க்குருவி குடும்பம்னு இருந்த சில்விடேவ 2006ல பெர் ஆல்ஸ்ட்ரோம் குழு ஜீன் வச்சுப் பாத்து அது ஒரே குடும்பமே இல்லன்னு காட்டுச்சு. இப்ப நெலைமை என்னன்னா, குளிர்காலத்துல நம்ம மரத்துல கிச்சு கிச்சுன்னு சுத்துற பச்சைக் கதிர்க்குருவி ஃபில்லோஸ்கோபிடே, புதருக்குள்ள சக் சக்னு சொல்லுற பிளித் நாணல் கதிர்க்குருவி அக்ரோசெஃபாலிடே, தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும் சிஸ்டிகோலிடே, மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளியில இருக்குற அகலவால் கிராஸ்பேர்ட் லோகஸ்டெல்லிடே. ஒண்ணா இருந்தது நாலுக்கு மேல ஆச்சு, இந்த நாலுல சில்விடேங்குற பேர் யாருக்குமே போகல, அது போனது ஒயிட்த்ரோட்ங்குற சின்னப் பறவை வகையறாவுக்கு, அதுங்க கதிர்க்குருவிகள விட சிலம்பன்களுக்குத்தான் கிட்டத்து சொந்தம். மஞ்சள் கண் சிலம்பன் இன்னும் வேடிக்கை, சிலம்பன்னு பேர் வச்சுக்கிட்டு நம்ம வறண்ட முள்ளுக்காட்டுல இருந்தாலும், அதோட சொந்தக்காரன் இமயமலை, சீனா பக்கம் மூங்கில் காட்டுல இருக்குற பேரட்பில் கூட்டம்.

சிலம்பன் குடும்பம் டிமாலிடே இத விட மோசமான குப்பைத்தொட்டி. பழுப்பா, கூட்டமா, சத்தம் போட்டுக்கிட்டு, வேற எங்கயும் சேராத எந்த ஆசியப் பறவையும் அங்கதான் போட்டிருந்தாங்க. இப்ப ஆனைமலையில ஒரு கலப்புக் கூட்டம் வருதுன்னு வைங்க, வளைஞ்ச அலகோட சிமிட்டர் சிலம்பன் டிமாலிடே, கூட வர்ற பழுப்பு ஃபுல்வெட்டா அல்சிப்பிடே, கீழ இலைச் சருக கிண்டுற புள்ளி நெஞ்சு சிலம்பன் பெல்லோர்னிடே, தள்ளி கத்திக்கிட்டு இருக்குற காட்டுச் சிலம்பன் லெயோத்ரிகிடே, நம்ம வீட்டுத் தோட்டத்துத் தவிட்டுக்குருவியும் அதே லெயோத்ரிகிடேதான். மேல பூவுல வெள்ளைக்கண்ணி, அதோட ஜோஸ்டெரோபிடே முன்னாடி தேன்சிட்டு, பூங்கொத்தி பக்கத்துல வச்சிருந்த குடும்பம், ஏன்னா நாக்கு நுனி பிரஷ் மாதிரி, தேன் குடிக்கும். டிஎன்ஏவுல பாத்தா சிலம்பன் கூட்டத்துக்குள்ள இமயமலை யுஹினாவுக்குப் பக்கத்துல போய் உக்காந்துச்சு. நாக்கு சாப்பாட்டோட கதை, சொந்தத்தோட கதை இல்ல.

ஈபிடிப்பான் கேள்விக்கு வர்றேன். தமிழ்நாட்டுல ஈபிடிப்பான்னு நாம கூப்புடுறதுல மஸ்கிகாபிடேவுல மிஞ்சுனது டிக்கெல் நீல ஈபிடிப்பான், ஆசியப் பழுப்பு ஈபிடிப்பான் மாதிரி ஆளுங்க. அரசவால் மொனார்கிடே, விசிறிவால் ரிபிடூரிடே, ரெண்டும் காக்கா பக்கத்து கிளை. குளிர்காலத்துல மலைக்காட்டுல வர்ற சாம்பல் தலை கேனரி ஈபிடிப்பான் எங்கயுமே ஒட்டாம, தென்னாப்பிரிக்காவுல ஒரு குட்டிப் பறவையோடவும் இமயமலையில இன்னொண்ணோடவும் சேந்து ஸ்டெனோஸ்டிரிடேன்னு புதுக் குடும்பம் ஆச்சு, அதோட பக்கத்து வீடு பட்டாணிக்குருவி. நாலு ஈபிடிப்பான், நாலு குடும்பம். பதிலுக்கு குண்டுகரிச்சான், கருஞ்சிட்டு எல்லாம் த்ரஷ் குடும்பத்துலேருந்து மஸ்கிகாபிடேவுக்கு வந்துடுச்சு. உண்மையான ஈபிடிப்பான் குஞ்சுக்கும் குண்டுகரிச்சான் குஞ்சுக்கும் நெஞ்சுல புள்ளி இருக்கும், அரசவால் குஞ்சுக்கு இருக்காது. குரல்பெட்டியில ஒரு விசேஷ தசை அமைப்பும் ஈபிடிப்பானுக்கும் த்ரஷுக்கும் பொதுவா இருக்குன்னு 1970கள்லயே பாத்து எழுதியிருக்காங்க. தடயம் உடம்புலயும் இருந்துச்சு, எத்தனையோ உறுப்புல எது உண்மை பேசுது எது பொய் பேசுதுன்னு தெரியல, அவ்ளோதான்.

வறண்ட காட்டுல இருக்குற காட்டுக்கீச்சானும் சொல்லாம விட மனசு வரல, அது கீச்சான் இல்ல, மடகாஸ்கர் வாங்கா பறவைங்களோட வாங்கிடே குடும்பத்துல சேந்திருக்கு. வானம்பாடியும் அப்படித்தான், கால் பின்பக்கச் செதில் வித்தியாசமா இருக்குன்னு பாசரைன் பட்டியல்லயே ஆரம்பத்துல தனியா வச்சிருந்தாங்க, இப்ப கதிர்க்குருவி, சின்னான், தகைவிலான் கூட்டத்துக்குள்ள, ஐரோப்பா நாணல்காட்டுல இருக்குற பியர்டட் ரீட்லிங்குக்கு அண்ணன் தம்பியா.

செத்துப்போன பறவைகிட்டயும் இது வேலை செய்யும்ங்குறதுக்கு ஹவாய் ஒரு நல்ல கேஸ். அங்க ஓஓன்னு ஒரு கருப்புப் பறவைக் கூட்டம் இருந்துச்சு, வளைஞ்ச அலகு, தேன் குடிக்கும், ஆஸ்திரேலியா ஹனிஈட்டர் மாதிரியே இருக்கும், அதனால கேப்டன் குக் பயணத்துல பிடிச்ச காலத்துலேருந்து 200 வருசத்துக்கு மேல அந்தக் குடும்பத்துலதான் இருந்துச்சு. கடைசி ஒண்ணு கவாய் தீவுல 1987ல பாடுனது தான் கேட்டது, அதோட முடிஞ்சுது. மியூசியத்துல இருந்த பழைய தோலோட கால் விரலடி தசையிலேருந்து டிஎன்ஏ எடுத்து 2008ல ராபர்ட் ஃப்ளெய்ஷர், ஹெலன் ஜேம்ஸ், ஸ்டோர்ஸ் ஓல்சன் மூணு பேரும் பாத்தாங்க, ஹனிஈட்டரோட எந்த சம்பந்தமும் இல்ல, வடக்கு அரைக்கோளத்து வாக்ஸ்விங் பக்கத்து சொந்தம். அதுக்காக மொஹோயிடேன்னு ஒரு குடும்பமே உருவாக்குனாங்க, உருவாக்குறப்போவே அதுல ஒரு பறவைகூட உயிரோட இல்ல. இன்னொரு பக்கம் 2014ல அருணாச்சல், பூட்டான் பக்கத்துக் காட்டுல இருக்குற புள்ளி ரென்-பேப்ளர் எந்தக் கூட்டத்துலயும் சேரலன்னு ஆல்ஸ்ட்ரோம் குழு காட்டி எலாச்சுரிடேன்னு அதுக்கு மட்டும் ஒரு குடும்பம் குடுத்தாங்க. இந்தியாவுல இருக்குற ஒத்த ஆளு குடும்பம், வடகிழக்குக்குப் போனா தேடுங்க.

சரி, இவ்ளோ சொன்னதும் டிஎன்ஏ சொன்னா முடிஞ்சுதுன்னு தோணும். மேல் மட்டத்துல, அதாவது குடும்பங்கள் ஒண்ணுக்கொண்ணு எப்படி சொந்தம்ங்குறதுல, அப்படி இல்ல, அது உங்க கேரண்டி கேள்விக்கு நேரா வருது.

2008ல ஷானன் ஹாக்கெட் குழு 169 ஸ்பீஷிஸ், 19 நியூக்ளியர் பகுதி வச்சு ஒரு மரம் போட்டாங்க, அதுல பைரி மாதிரி ஃபால்கன் வகை பருந்து குடும்பத்துப் பக்கமே இல்லாம கிளிக்கும் பாசரைனுக்கும் பக்கத்துல வந்துச்சு. நெறைய பேர் சிரிச்சாங்க. 2011ல அலெக்சாண்டர் சூ குழு வேற மாதிரி சாட்சியோட வந்தாங்க, ரெட்ரோபோசான்னு டிஎன்ஏவுக்குள்ள தானா பிரதி எடுத்து ஒட்டிக்குற துண்டுகள் இருக்கு, ஒரே துண்டு அதே எடத்துல ரெண்டு வம்சத்துல தனித்தனியா விழுறது ரொம்ப அபூர்வம், அதனால ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா பொது முன்னோர்கிட்டேருந்து வந்ததுன்னு எடுத்துக்கலாம். ஃபால்கன், கிளி, பாசரைன் மூணுக்கும் பொதுவா அப்படி துண்டுகள் கெடைச்சுது. இதுக்குத்தான் நான் மதிப்பு குடுப்பேன், ஒரே மாதிரி டேட்டாவ பத்து மடங்கு பெருக்குறத விட வேற மாதிரி டேட்டா அதே பதில சொல்றது பெரிசு. பூநாரையும் முக்குளிப்பானும் கிட்டத்து சொந்தம்ங்குறதும் அப்படித்தான் நின்னுச்சு, 2001ல டிஎன்ஏவுல வந்தப்போ யாரும் நம்பல, ஒண்ணு கோடியக்கரை சேத்துல நீட்டு காலோட நிக்குது, இன்னொண்ணு ஏரியில குட்டையா முங்குது. அப்புறம் திரும்பிப் பாத்தா ரெண்டு முட்டை ஓட்டுலயும் மேல சுண்ணாம்பு பூசுன மாதிரி ஒரு பாஸ்பேட் படலம், குடல்ல இந்த ரெண்டு கூட்டத்துல மட்டும் இருக்குற ஒரு நாடாப்புழுக் குடும்பம். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு ஜீனோம் மரத்துலயும் ரெண்டும் ஒட்டியே இருக்கு.

ஆனா இந்த ஜோடி மரத்துல எங்க நிக்குதுங்குறதுல பெரிய கூத்து நடந்துச்சு. 2014ல 48 பறவையோட முழு ஜீனோம் வச்சு எரிக் ஜார்விஸ் குழு போட்ட மரத்துல பூநாரை, முக்குளிப்பான் ரெண்டும் புறாக் கூட்டத்தோட சேந்து ஒரு கிளையா வந்துச்சு. அடுத்த வருசமே ரிச்சர்ட் ப்ரம் குழு 198 ஸ்பீஷிஸ், 259 பகுதி வச்சு வேற மரம் போட்டாங்க, அதுல நெருப்புக்கோழி, கோழி, வாத்து வகைகள ஒதுக்கிட்டு மிச்சத்துல பக்கி, உழவாரன், ஹம்மிங்பேர்ட் கூட்டம்தான் மொதல்ல பிரிஞ்சதா வந்துச்சு. ரெண்டுமே பெரிய ஜர்னல், ரெண்டுலயும் நம்பகத்தன்மை நம்பர் நூத்துக்கு நூறு பக்கம். எப்படி? முக்கியமான காரணம், டைனோசர் அழிஞ்ச 6.6 கோடி வருசத்துக்கு ஒட்டுன காலத்துல இந்தக் கிளைகள் எல்லாம் ரொம்ப வேகமா அடுத்தடுத்து பிரிஞ்சிருக்கு. ஒரு முன்னோர்க் கூட்டத்துல ஒரு ஜீனுக்கு ரெண்டு வடிவம் சுத்திக்கிட்டு இருக்குறப்போவே கூட்டம் ரெண்டா பிரிஞ்சு, அது நிலைக்குறதுக்குள்ள மறுபடி மூணா பிரிஞ்சா, எந்த வடிவம் எந்தக் கிளையில மிஞ்சும்ங்குறது அதிர்ஷ்டம், அதனால ஒவ்வொரு ஜீனும் ஒவ்வொரு மரம் சொல்லும், எல்லாமே அதனதன் அளவுல உண்மைதான். 2017ல சுஷ்மா ரெட்டி குழு இந்த சண்டைய ஆராய்ஞ்சு, எத்தனை பறவை எடுத்தோம்ங்குறத விட எந்த மாதிரி டிஎன்ஏ எடுத்தோம், புரதம் எழுதுற பகுதியா எழுதாத பகுதியாங்குறதுதான் மரத்த அதிகமா மாத்துதுன்னு காட்டுனாங்க.

2024ல ரெண்டு பேப்பர் சேந்து வந்துச்சு. ஒண்ணு 363 ஸ்பீஷிஸ், 218 குடும்பம், புரதம் எழுதாத பகுதியிலேருந்து 63,000க்கு மேல துண்டுகள், அதுல பூநாரை–முக்குளிப்பான் தனியா, புறா வேற கிளையில. இன்னொண்ணு சியாவஷ் மிராரப் குழு, 2014 மரத்துல புறாவையும் பூநாரையையும் ஒட்ட வச்ச குற்றவாளிய பிடிச்சாங்க. நாலாவது குரோமோசோம்ல சுமார் 2.1 கோடி எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு துண்டு. மொத்த ஜீனோம்ல ரெண்டு சதவீதம்கூட சரியா வராது. பழங்காலத்துல அந்தத் துண்டு மறுசேர்க்கை, அதாவது அப்பா அம்மா டிஎன்ஏ துண்டுகள் கலந்து மாறுறது, நடக்காம ஒரே கட்டா அடைஞ்சு போயிருந்துச்சு, அதனால அதுக்குள்ள இருந்த அத்தனை ஜீனும் ஒரே குரல்ல ஒரே தப்பு கதைய சொல்லிச்சு, நாம ஒவ்வொரு ஜீனையும் தனித்தனி சாட்சின்னு எண்ணிட்டோம். சாட்சி ஆயிரம் பேர் வந்தாலும் எல்லாரும் ஒரே ஆளுகிட்ட கேட்டுட்டு வந்திருந்தா அது ஒரு சாட்சிதான். அதனால எங்கயாச்சும் "முழு ஜீனோம் பாத்துட்டோம், 100 சதவீதம் ஆதரவு"ன்னு படிச்சா உடனே தலையாட்டாதீங்க.

இன்னும் சின்ன அளவுல நடக்குற தப்புங்க உண்டு, மைட்டோகாண்ட்ரியா ஜீனோட செத்த பிரதி நியூக்ளியஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், அத எடுத்துட்டு உண்மையான ஜீன்னு நெனச்சுக்குறது, லேப்ல ரெண்டு சாம்பிள் கலக்குறது, பொது டேட்டாபேஸ்ல பறவை பேர் தப்பா போட்டிருக்குறது. மியூசியத்துல தோல் ஒண்ணு பத்திரமா இருந்து, அதே தோலோட டிஎன்ஏன்னு பதிவு இருந்தா யாரும் திரும்பிப் போய் சரிபாக்கலாம், இல்லைன்னா அந்த சீக்வென்ஸ நம்புறது ரிஸ்க்.

அப்போ மறுபடி மாறுமா? என் கணிப்ப சொல்றேன். அரசவால் காக்கா பக்கம், வெள்ளைக்கண்ணி சிலம்பன் பக்கம், தையல்சிட்டு தனிக் குடும்பம், இது மாதிரி பல ஜீன்ல, பல குழுவுல, வேற வேற முறையில ஒரே பதில் வந்ததெல்லாம் இனி அசையாது. தென் அமெரிக்காவோட ஹோவாட்சின் பறவை எங்க, ஆந்தை எங்க மாதிரி ஆழத்து கேள்விங்க இன்னும் ஆடும். குடும்ப எண்ணிக்கை மட்டும் தனி விஷயம், ஃபுல்வெட்டாவ தனிக் குடும்பம்னு வைக்கலாம், லெயோத்ரிகிடேக்குள்ள வைக்கலாம்னு ஒரு காலத்துல ரெண்டு கட்சி இருந்துச்சு, டிஎன்ஏ ரெண்டு பேருக்கும் எதிரா பேசல, ஏன்னா ஒரு குடும்பத்துல ஒரு முன்னோரோட வாரிசுங்க எல்லாரும் இருக்கணும், வெளியாள் இருக்கக் கூடாதுங்குற ஒரே விதிய ரெண்டு ஏற்பாடும் மீறல. எனக்கு சிலம்பன்கள இத்தனை துண்டா போட்டது கொஞ்சம் அதிகம்னுதான் படுது, ஒரே பெரிய குடும்பமா வச்சு உள்ள துணைக்குடும்பம் வச்சிருக்கலாம். ஆனா ஒயிட்த்ரோட்ட எங்க வைக்குறதுங்குற பேர் சிக்கலும் இருக்கு, சில்விடே டிமாலிடேவ விட பழைய பேர், ரெண்டையும் ஒண்ணா சேத்தா விதிப்படி எல்லாச் சிலம்பனும் சில்விடே ஆகணும், அத யாரும் விரும்பல.

குடும்பத்துக்குக் கீழ, நம்ம மலைக்குள்ளயே நடந்த ஒண்ணையும் சேத்துடுறேன். சோலைக்காட்டு நீல ராபின், சிரிப்பான் ரெண்டையும் வி.வி.ராபின் குழு, மேல சொன்ன சுஷ்மா ரெட்டியும் அதுல உண்டு, பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் ரெண்டு பக்கமும் டிஎன்ஏ எடுத்துப் பாத்து 2017ல வெளியிட்டாங்க. இமயமலைப் பறவைங்களோட ஒரே ஜீனஸ்ல (பேரினம், குடும்பத்துக்குக் கீழ வர்ற பிரிவு) வச்சிருந்த ரெண்டு கூட்டமும் இங்கயே தனியா வளந்த வம்சம்னு வந்துச்சு, ஷோலிகோலா, மாண்டெசிங்க்லான்னு ரெண்டு புது ஜீனஸ், அகத்தியமலைப் பக்கத்து நீல ராபின் ஒரு புது ஸ்பீஷிஸ். ஷார்ட்விங்னு பேர் வச்சு இமயமலை ஷார்ட்விங்கோட சேத்திருந்த அந்த ராபின் உண்மையில நீல ஈபிடிப்பான்கள் பக்கத்து சொந்தம்.

நடைமுறைக்கு: பறவைய அடையாளம் காண பழைய புக்கு தாராளமா போதும், படமும் குரலும் எங்கயும் போகல. குடும்பம் மட்டும் புது லிஸ்ட்ல பாருங்க. இது வரைக்கும் ஐஓசி, கிளெமென்ட்ஸ், பேர்ட்லைஃப்னு ஆளுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருந்தாங்க, 2025ல ஏவிலிஸ்ட்னு ஒரே பொது லிஸ்ட் வந்திருக்கு, 252 குடும்பம். பறவை பாத்தத பதிவு பண்ற ஈபேர்ட் ஆப் வருசத்துக்கு ஒரு தடவ வகைப்பாட்ட அப்டேட் பண்ணும், அப்போ உங்க கணக்குல குடும்ப எண்ணிக்கை கூடியோ கொறஞ்சோ இருந்தா பதறாதீங்க, நீங்க பாத்த பறவை எதுவும் அழியல, அந்த வருசத்து மாற்றக் குறிப்புல போய் பாத்தா கிளை எடம் மாறுச்சா இல்ல கோடு மட்டும் நகந்துச்சான்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதியிருப்பாங்க.